ஒன்பது மணி வானம்

எனக்குப் பயம் அதிகம். சண்டைக்கோ போலீசுக்கோ பயப்படுகிற ரகமில்லை. ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் அதற்குக் காரணம் நான்தான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். செலாயாங்கில் குடியிருந்துகொண்டு கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கச் சாலை, கால்வாய், தாமான் என்று நிலம் அளந்தே தலை நரைத்துவிட்டது. இந்த வேலையில் நான் கற்ற பெரிய பாடம் அந்தப் பயத்தின் வழியாகத்தான் வந்தது. இத்தனை நாள் அதை வெளியே சொல்லவில்லை. படித்துத் தெரிந்துகொண்டேன் என்றால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். பயந்து தெரிந்துகொண்டேன் என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

நான் வளர்ந்த வீட்டில் எது நடந்தாலும் முதல் கேள்வி "யாரு?" என்றுதான் வரும். கோப்பை உடைந்தால் யாரு, கோழி கூண்டை விட்டு ஓடினால் யாரு. அப்பா ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். பால் குறைந்த நாளில் அங்கே அவரைக் கேட்டதும் அதே கேள்விதான். நாங்கள் செலாயாங் பாருவுக்குக் குடிவந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்தக் கேள்வியும் லோரியில் ஏறி வந்துவிட்டது.

வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. 1979, 80 வாக்கில் அப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சிற்றலையைத் திருப்பி, கடல் தாண்டி வரும் தமிழ்க் குரலைத் தேடுவார். சில மாதங்களில், நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த குரல் பொழுது சாய்ந்ததும் நடுங்க ஆரம்பிக்கும். சொற்கள் துண்டு துண்டாக வரும். "யாருடா இதைத் திருகினது?" என்று அப்பா எங்களைப் பார்ப்பார். நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பிறகு ரேடியோவின் தலையில் ஓர் அடி விழும். இரவு முற்றிய பிறகு குரல் தானாகத் தெளிந்துவிடும். அடித்ததால்தான் தெளிந்தது என்பது அப்பாவின் முடிவு.

அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? கேள்வி வருவதற்குள் பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் வாங்கியது ஒரு 555 நோட்டு. மளிகைக்கடைக்காரர்கள் கடன் எழுதி வைப்பார்களே, சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சின்ன நோட்டுதான். எத்தனை மணிக்கு எந்த இடத்தில் நின்றோம், கம்பை யார் பிடித்தது, மழையா வெயிலா, பேட்டரி எவ்வளவு, திரையில் என்ன காட்டியது எல்லாவற்றையும் அதில் எழுதுவேன். என்னைச் சுறுசுறுப்பானவன் என்று நினைத்தார்கள். உண்மையில், நாளைக்கு யாராவது விரலை நீட்டினால் எடுத்துக் காட்ட ஒரு சாட்சி வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பட்டம் பெற்ற சர்வேயர் இல்லை. கம்பு பிடிப்பவனாகச் சேர்ந்து, கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனைப் பார்க்கப் பழகி, பிறகு ஜிபிஎஸ் கருவியைக் கையில் வாங்கியவன். கம்பின் உச்சியில் இருக்கும் ரோவர், 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பிடிக்கிறது. கைப்பேசியில் உள்ள ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினாலும் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். எங்களுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். அதற்காக ரோவர் அந்தச் சமிக்ஞையின் அலைகளையே எண்ணுகிறது. முதன்மையான எல்1 சமிக்ஞையின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ், அதன் ஓர் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். நில அளவைத் துறையான ஜூபெம் நாடு முழுக்க நிரந்தர நிலையங்களை வைத்து நடத்தும் மைஆர்டிகேநெட்டிலிருந்து திருத்தத் தகவல் கைப்பேசி இணையம் வழியாக வருகிறது. இரண்டும் சேர்ந்தால் திரையில் "ஃபிக்ஸ்" என்று காட்டும். எண்ணிக்கை ஒரு கணம் அறுந்தால் அது "ஃப்ளோட்" ஆகிவிடும். ஃப்ளோட்டில் எடுத்த புள்ளியை நம்பிக் கால்வாய் வெட்டினால் அது பக்கத்து வீட்டு வேலிக்குள் போய் நிற்கும்.

செலாயாங், கெப்போங், பத்துமலை பக்கம் எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையையும் ஈப்போ சாலையையும் தெரிந்தவர்களுக்கு, பகலில் அங்கே சாலையோரத்தில் கம்பை ஊன்றி நிற்க முடியாது என்பதும் தெரியும். அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான் இறங்குவோம். மொத்தச் சந்தைக்குப் போகும் காய்கறி லோரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அந்த ஓரத்தில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நிற்பதுதான் எங்கள் பிழைப்பு.

2014 மார்ச்சில் அந்தப் பிழைப்பு தகராறு செய்தது. இரவு எட்டரை, ஒன்பது மணிவரை கருவி ஒழுங்காக இருக்கும். பிறகு "அண்ணே, திரும்பவும் ஃப்ளோட்டுக்குப் போயிருச்சு" என்று கம்பு பிடிக்கும் தம்பியின் குரல் வரும். வானம் துடைத்துவிட்டதாகக் கிடக்கும். மரம் இல்லை, கட்டடம் இல்லை. பத்து செயற்கைக்கோள் தெரிந்த இடத்தில் நான்கைந்துதான் மிஞ்சும். கால் மணி நேரம் கழித்து எல்லாம் திரும்பி வரும். மூச்சு விடுவதற்குள் மறுபடியும் போகும். நடுநிசி தாண்டிவிட்டால், ஒன்றுமே நடக்காதது மாதிரி விடியும்வரை ஃபிக்ஸ்.

காலையில் கான்ட்ராக்டர் வந்து வேலை பாதியில் நிற்பதைப் பார்த்ததும் கேட்டது, "சியாப்பா புன்யா கெர்ஜா?" இது யார் வேலை என்று. மலாயில் கேட்டாலும் எனக்கு அது அப்பாவின் குரலில்தான் விழுந்தது. பேட்டரியைச் சந்தேகித்தார்கள். ஆன்டெனாவைச் சந்தேகித்தார்கள். கடைசியில் கம்பு பிடித்த தம்பியிடம் வந்து நின்றார்கள். கம்பு நேராக நிற்கிறதா என்று பார்ப்பதற்கு அதில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். "பபிளை நடுவில் வைக்கத் தெரியாதவனை ஏன் கூட்டி வருகிறீர்கள்?" என்று அவனைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பு சாய்ந்தால் புள்ளி நகருமே தவிர, செயற்கைக்கோள் மறையாது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஓர் ஆள் கிடைத்துவிட்டதில் எல்லாருக்கும் ஓர் ஆறுதல்.

எனக்கும்தான். இந்தக் கட்டுரையில் சொல்லக் கூச்சமாக இருக்கும் இடம் இதுவே. அந்தப் பையனின் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது என் நெஞ்சில் முதலில் வந்தது இரக்கம் இல்லை, நிம்மதி. இன்றைக்கு நான் தப்பித்தேன் என்ற நிம்மதி. இரக்கம் பின்னால், மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கும்போது மெதுவாக வந்தது. "அண்ணே, நான் ஆடவே இல்லண்ணே" என்றான். "தெரியும் தம்பி" என்றேன். எனக்கு அப்போது அது மட்டும்தான் தெரியும். அவன் இல்லை என்று தெரியும், என்னவென்று தெரியாது.

அந்த ஆண்டிலேயே சர்வே வேலை செய்பவர்களுக்காக நடந்த ஒரு தொழில்நுட்ப உரைக்குப் போனேன். பேச வந்தவர் அயனி மண்டலத்தை ஆராய்பவர். உரை முடிந்ததும் தேநீர் வேளையில் தயங்கித் தயங்கி அவரிடம் போனேன். இரவில் ஃபிக்ஸ் போய்விடுகிறது என்றேன். என்ன கருவி, யார் இயக்கியது என்று கேட்பார், அதற்கெல்லாம் பதில் நோட்டில் இருக்கிறது என்று கையைச் சட்டைப் பைக்குள் விட்டு வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எத்தனை மணிக்கு?"

இத்தனை ஆண்டில் என்னை யாரும் கேட்காத கேள்வி. நோட்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துக்கொண்டே போனவர், "இதை ஏன் எழுதினீங்க?" என்றார். பயத்தில் என்று சொல்லவில்லை. சும்மா என்றேன். வீட்டுக்குப் போய், யார் பிடித்தது, எந்தப் பேட்டரி, எந்த இடம், எத்தனை மணி, எந்த மாதம் என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடுக்கிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, மனைவி தூங்கிய பிறகு அடுக்கினேன். ஆள் வரிசையில் ஒழுங்கே இல்லை. எல்லார் கையிலும் கெட்டிருந்தது. எல்லார் கையிலும் நன்றாகவும் இருந்தது. பேட்டரியும் அப்படித்தான், இடமும் அப்படித்தான். நேரத்துக்கு வந்ததும் எல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்தது. எட்டரைக்கு முன்னால் இல்லை. நடுநிசிக்குப் பின்னால் அரிது. மாதத்தில் பங்குனி, சித்திரை. பிறகு புரட்டாசி, ஐப்பசி. ஆனியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் வெறுமை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் எழுதிய வரிசைகளில் ஆளைப் பற்றிய வரிசை எதற்கும் உதவவில்லை. கணக்குக்காக ஓரத்தில் கிறுக்கிய மணிதான் பேசியது.

பிறகு தேடித் தேடி, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பால், பகலில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகின்றன. அப்படி மின்னூட்டம் பெற்ற கலவைக்குப் பெயர் பிளாஸ்மா. அது நிறைந்த பகுதி அயனி மண்டலம். சூரியன் மறைந்ததும் 100, 120 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கீழடுக்கில் பிரிந்தவை சீக்கிரமே மீண்டும் சேர்ந்து அடங்கிவிடுகின்றன. 300 கிலோமீட்டரைச் சுற்றியுள்ள மேலடுக்கில் அப்படிச் சேர்வதற்கு வெகுநேரம் பிடிக்கும். ஆக, மாலையில் கீழே ஏறக்குறைய காலி, மேலே அடர்த்தி.

அதே வேளையில் இன்னொன்றும் நடக்கிறது. சூரியன் மறையும் எல்லையில், அடங்குவதற்கு முன், கிழக்கு நோக்கிய மின்புலம் சிறிது நேரத்துக்கு வலுக்கிறது. பூமியின் காந்த நடுக்கோட்டுப் பகுதியில் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகத் தெற்கு வடக்காகப் படுத்திருக்கின்றன. கிழக்கு மின்புலமும் வடக்குக் காந்தப்புலமும் கூடினால் பிளாஸ்மா மேல்நோக்கி நகரும். அடர்ந்த அடுக்கு முழுவதும் இன்னும் உயரத்துக்குத் தூக்கப்படுகிறது. காலியான கீழ்ப்பகுதியின் மேல் கனமான கூரை.

சாமி அறையில் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு விளக்கேற்றுவோம். எண்ணெய் இலேசானது, அது மேலே இருக்கும்வரை அமைதி. தண்ணீர் மேலேயும் எண்ணெய் கீழேயுமாக எப்படியாவது வைத்துவிட்டால், கொஞ்சம் அசைந்தாலும் எண்ணெய் உருண்டை உருண்டையாகத் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலேறும். மாலை வானத்தில் நடப்பது அதுதான். கீழிருக்கும் வெறுமை, குமிழ்களாக அடர்ந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு ஏறுகிறது. சில குமிழ்கள் ஆயிரம் கிலோமீட்டரையும் தாண்டும். உள்ளே எலக்ட்ரான் அடர்த்தி சுற்றுப்புறத்தில் நூறில் ஒரு பங்காகவும் குறையலாம். ஏறும்போதே காந்தக் கோடுகள் வழியாக வடக்கிலும் தெற்கிலும் நீள்கின்றன. அவற்றின் ஓரங்கள் கிழிந்து, கிலோமீட்டர் கணக்கிலிருந்து சில மீட்டர்வரை பல அளவில் சிதறுகின்றன. சில நூறு மீட்டர் அளவுள்ள சிதறல்களைக் கடந்து வரும்போதுதான் ஜிபிஎஸ் சமிக்ஞை ஒரு விநாடிக்குள் ஏறியும் இறங்கியும் துடிக்கிறது. ரோவரின் எண்ணிக்கை அங்கேதான் அறுகிறது.

இந்தக் குமிழ்கள் வழக்கமாக விநாடிக்கு 100 மீட்டர் அளவில் கிழக்கு நோக்கி நகரும். 100 கிலோமீட்டர் அகலமுள்ள குமிழ் ஒன்று ஒரு செயற்கைக்கோளின் பாதையைக் கடக்கக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். என் நோட்டில் இருந்த கால் மணி நேரத்தின் கணக்கு அதில் கிடைத்தது. கம்பில் இருந்த குமிழைத் திட்டினோம். கெடுத்த குமிழ் 300 கிலோமீட்டர் மேலே கிழக்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஏன் நம் ஊரில்? காந்த நடுக்கோடு பூமத்திய ரேகையோடு ஒட்டிப் போவதில்லை. இந்தப் பக்கத்தில் அது தென் தாய்லாந்து வழியாகப் போகிறது. கோலாலம்பூர் அதற்குத் தெற்கே மிகவும் தள்ளி இல்லை. ஏன் பங்குனியும் புரட்டாசியும்? நம் பக்கத்தில் அந்த மாதங்களில்தான் சூரியன் மறையும் கோடு காந்தக் கோடுகளின் திசையோடு ஏறக்குறைய பொருந்துகிறது. ஒரே காந்தக் கோட்டின் வட முனையும் தென் முனையும் ஒரே நேரத்தில் இருட்டுக்குள் போகும்போது மாலை மின்புலம் நன்றாக வலுக்கிறது. சூரியனில் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் குமிழ்களும் மிகும். சூரியனின் 11 ஆண்டுச் சுற்று 2014 ஏப்ரலில்தான் உச்சத்தைத் தொட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றது அதன் வாசலில்.

மணியைப் பார் என்கிறேனே, நம் மணியிலும் ஒரு சூது உண்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றானது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரம் ஒன்றேகாலைக் காட்டுகிறது. எங்கள் கையில் இரவு ஒன்பது என்றால் வானத்துக்கு இன்னும் ஏழே முக்கால்தான். புத்தகங்களில் "சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில்" என்று இருப்பது எங்கள் நோட்டில் ஏன் அவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்று குழம்பினேன். அந்த ஒன்றேகால் மணி நேரத்தைக் கழித்த பிறகு கணக்கு சரியாக வந்தது.

இதையெல்லாம் உலகம் வெகுகாலமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறது. 1938-இல் பெரு நாட்டின் ஹுவாங்காயோவில் எடுத்த அளவுகளைக் கொண்டு புக்கரும் வெல்ஸும் இரவு அயனி மண்டலத்தின் இந்தச் சிதறலை முதலில் எழுதினார்கள். கனமானது மேலே, இலேசானது கீழே என்ற காரணத்தை 1956-இல் டஞ்சி முன்வைத்தார். 1976-இல் வுட்மனும் லா ஹோஸும் பெருவின் ஹிக்காமார்க்கா ரேடாரில் குமிழ்கள் கொழுந்துவிட்டு மேலேறுவதைப் படமாகவே காட்டினார்கள். காந்த நடுக்கோடு பக்கத்தில் போகிறது என்பதற்காகத்தான் கேரளத்தின் தும்பாவில் ஏவுதளம் அமைத்து, 1963 நவம்பர் 21-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவினார்கள். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இன்றும் இதே வானத்தைப் பார்க்கிறது. எங்களுக்கு மிக அருகில், மேற்குச் சுமத்ராவின் கொத்தோதாபாங்கில், ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகம் இந்தோனேசியாவோடு சேர்ந்து நிறுவிய பெரிய ரேடார் 2001 முதல் இயங்குகிறது. செலாயாங்கிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர்.

இவற்றில் என்னை உலுக்கியது இன்னும் பழைய செய்தி ஒன்று. சிங்கப்பூரில் அயனி மண்டலத்தை அளந்துகொண்டிருந்த ஆஸ்போர்ன் என்பவர் 1952-இல், வெப்ப மண்டல வானொலிச் சேவைகளைப் பொழுது சாய்ந்த பிறகு பாதிக்கும் அயனி மண்டல நிலைகள் பற்றி ஓர் ஆய்வுக் குறிப்பு எழுதியிருக்கிறார். பொழுது சாய்ந்ததும் சிற்றலைக் குரல் நடுங்குவதற்கும் காரணம் இதே சிதறல்தான். அப்பா ரேடியோவை அடித்த அந்த 1979, 80-உம் சூரியனின் ஓர் உச்ச காலம். யாரும் திருகவில்லை அப்பா. இதைச் சொல்ல அவர் இப்போது இல்லை. இருந்திருந்தாலும், "அப்போ நடுராத்திரியில எப்படிடா சரியாச்சு, நான் அடிச்சதாலதானே?" என்றுதான் கேட்டிருப்பார்.

ஆளைத் தேடும் அவசரம் தோட்டத்துக்காரர்களுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் மட்டும் உரியதன்று. 2002 மார்ச் 4 அதிகாலை, ஆப்கானிஸ்தானின் தாக்குர் கர் மலையுச்சியில் நடந்த சண்டையில், மீட்புக்குப் போன அமெரிக்க ஹெலிகாப்டருக்கு உச்சியில் இறங்காதே என்று அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை. அது இறங்கியது, வீரர்கள் இறந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2014-இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் அந்த நேரத்தின் செயற்கைக்கோள் தரவுகளை எடுத்துப் பார்த்து, தகவல் தொடர்பு அறுந்ததில் பிளாஸ்மா குமிழுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். இருந்திருக்கலாம் என்றுதான். அந்தச் சொல்லின் நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. அதுவும் மார்ச் மாதம்தான்.

அந்த நிதானத்தை நானும் பழக வேண்டியிருந்தது. குமிழைப் பற்றித் தெரிந்துகொண்ட புதிதில், ஃபிக்ஸ் போனாலே வானத்தைக் காட்ட வாய் பரபரக்கும். ஆளைக் காட்டுவதை விட்டு வானத்தைக் காட்டுவதும் ஒரு தப்பித்தல்தானே? டெம்ப்ளர் பூங்கா ஓரத்தில் மரங்கள் சமிக்ஞையை மறைக்கும். மேம்பாலத்தின் கீழே அது கான்கிரீட்டில் மோதித் திரும்பி வரும். இணையம் நெரிசலாகும் நேரத்தில் திருத்தத் தகவல் தாமதமாகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை உண்டு. மரமும் பாலமும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் தீரும். இணையம் என்றால் செயற்கைக்கோள்கள் எல்லாம் நன்றாகத் தெரியும். திருத்தத்தின் வயது மட்டும் ஏறிக்கொண்டே போகும். குமிழ் என்றால் திறந்த வெளியிலும் சமிக்ஞையின் வலு எண் துடிக்கும். வானத்தின் ஒரு பக்கத்துச் செயற்கைக்கோள்கள் முதலில் போகும். கொஞ்ச நேரத்தில் அதற்குக் கிழக்கே உள்ளவை தடுமாறும். பக்கத்து சைட்டில் நிற்பவனுக்கும் அதே நேரத்தில் போகும். இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது வாயைத் திறக்கிறேன்.

பரிகாரம் எளிது. உச்ச ஆண்டுகளின் பங்குனி, புரட்டாசி இரவுகளில் எட்டரை முதல் நடுநிசிவரை ஜிபிஎஸ்ஸை நம்பி வேலையை அடுக்குவதில்லை. கட்டுப்பாட்டுப் புள்ளிகளைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவோம். அந்த மணிகளில் டோட்டல் ஸ்டேஷனையும் லெவலையும் வைத்துக்கொண்டு வேலை பார்ப்போம். அவற்றுக்கு வானம் தேவையில்லை. ஃபிக்ஸ் திரும்பி வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த ஒரு புள்ளியில் கம்பை வைத்துச் சரிபார்த்த பிறகே மேலே போவோம். இன்ன இரவில் குமிழ் வரும், இன்ன இரவில் வராது என்று அடித்துச் சொல்ல விஞ்ஞானிகளாலேயே இன்னும் முடியவில்லை. 2008-இல் அமெரிக்க விமானப்படை இதற்கென்றே ஒரு செயற்கைக்கோளை அனுப்பியது. அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் நிலைமை ஒன்றாகவே தெரிந்தும், ஒன்றில் குமிழ் கிளம்புவதும் மற்றொன்றில் கிளம்பாததும் ஏன் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. காலம் தெரியும், நாள் தெரியாது. ஒரு சைட்டை நடத்த அவ்வளவு போதும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். எது கெட்டாலும் யார் என்று கேட்பதற்கு முன் எப்போது என்று கேட்கிறேன். ஆளே இல்லை என்று சொல்ல வரவில்லை. பல நேரங்களில் ஆள் இருப்பான். ரவாங் பக்கம் ஒரு தாமானில், அளந்த புள்ளிகளைக் குறிக்க நாங்கள் அடித்த பெக்குகள் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. காவலாளியைச் சந்தேகித்தார்கள், இரும்புக்கு எடுத்துப் போகிறவர்களைச் சந்தேகித்தார்கள். எப்போது போகிறது என்று எழுதச் சொன்னேன். பள்ளி விடுமுறையில், மழை இல்லாத மாலைகளில் மட்டும். ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால், பிள்ளைகள் எங்கள் பெக்குகளைப் பிடுங்கி கோல் கம்பமாக நட்டுப் பந்து உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய கம்புகள் நான்கைக் கொடுத்தோம். பெக்குகள் அதன்பிறகு நட்ட இடத்தில் இருந்தன. எப்போது என்று கேட்டதும் ஆள் கிடைத்தான். ஆனால் ஆள் கிடைக்கும்போது கோபம் போய்விட்டிருந்தது. காவலாளியும் தன் வேலையில் இருந்தார்.

வீட்டிலும் இது உதவியது. மகள் கணக்கில் மதிப்பெண் குறைந்து வந்தபோது, யார் கவனிக்கவில்லை என்று நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கினோம். அப்பாவின் ரேடியோ நினைவுக்கு வந்தது. "எப்போலேருந்தும்மா?" என்று அவளைக் கேட்டேன். வகுப்பு மாறி, கடைசி வரிசைக்குப் போனதிலிருந்து. கண்ணாடி போட்டுவிட்டோம்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இந்த வயதிலும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், எந்தப் புள்ளி தவறியதோ என்று வயிறு கலங்கும். 555 நோட்டும் சட்டைப் பையில் இருக்கிறது. முன்பு ஆள் பெயருக்கு ஒரு வரிசை வைத்திருந்தேன். இப்போது அந்த வரிசை இல்லை. அந்த இடத்தில் சமிக்ஞையின் வலு எண்ணை எழுதுகிறேன்.

சூரியன் 2024-இல் மறுபடியும் உச்சத்துக்கு வந்தது. அந்தப் பங்குனி இரவுகளில் ஒன்பது மணிக்குத் திரை ஃப்ளோட்டுக்குப் போனதும், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் பதறிப்போய் என்னைப் பார்த்தான். "மணியை எழுது தம்பி" என்றேன். எழுதினான். வேறு யாரும் யாரையும் பார்க்கவில்லை. இனிச் சூரியன் அடங்கும். அடுத்து வரும் ஆண்டுகளில் பங்குனியும் ஒழுங்காகப் போகும். அப்போது சேரும் பையன்கள் ஒன்பது மணி வானத்தைப் பற்றிக் கேள்விப்படாமலேயே தேர்ந்த ஆட்களாகிவிடுவார்கள். அடுத்த உச்சம் 2030-களின் நடுவில் வரக்கூடும். அன்றைக்கு நான் ஓய்வு பெற்றிருப்பேன். நல்ல வானத்தில் மட்டுமே வேலை கற்ற அவர்கள், திரை துடிக்கும் முதல் இரவில் பக்கத்தில் நிற்பவனின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான், கூச்சத்தை விட்டு இதை எழுதி வைக்கிறேன்.